நேரில் காணப்பட்டவர்கள்

பவளமாதாபுரத்தின் கடற்கரை காலியாகக் கிடக்கிறது என்று திட்டக் குழுமம் எங்களுக்கு முறைப்படி தெரிவித்தது. அதுவரை எங்களுக்கு அந்த விவரம் தெரியாது.

ராமநாதபுரத்திலிருந்து வந்த அறிவிப்பை மாதா கோவில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஊருக்கு முன்னால் உள்ள நாலரை ஏக்கர் மணல் எவ்விதப் பயன்பாட்டிலும் இல்லாத வெற்றிடம் என்பதால், அவ்விடத்தில் ‘நெய்தல் வில்லாஸ்’ என்னும் பெயரில் நாற்பது சொகுசு வீடுகள் கட்ட அனுமதி கோரப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அந்த வெற்றிடத்தில்தான் நாங்கள் மீன்பிடி வல்லங்களை ஏற்றி வைக்கிறோம். வலை காயப்போடுகிறோம். காரல் மீன் கருவாடாகும்வரை காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த மணல் போனால் அறுபத்து மூன்று குடும்பமும் வல்லத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் வழவழப்பான புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கடலைப் பார்த்தபடி ஒரு நீச்சல் குளம். கடல் நூறடியில் இருக்கும்போது குளம் எதற்கு என்று என் மச்சான் வேதமுத்து கேட்டான். கடல் பார்ப்பதற்கு, குளம் குளிப்பதற்கு என்று வந்தவர் பொறுமையாக விளக்கினார். ‘செல்போனை அணையுங்கள், மீனவனைப் போல் எளிமையாக வாழுங்கள்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. விலை ஒன்றரைக் கோடி. இவ்வளவு செலவு பிடிக்கிற வாழ்க்கையை நாங்கள் சும்மா வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறோம்.

நான் வில்பிரட், ஊர்க் கமிட்டிச் செயலாளர். மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ‘மாட்சிமை பொருந்திய சமூகத்தின் மேலான பார்வைக்கு’ என்று தொடங்கி நாலு பக்கம் எழுதி, ஊரார் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. மேற்படி நிலம் பயன்பாட்டில் உள்ளதா என்பதை உதவித் திட்ட அலுவலர் திரு. தர்மராஜ் நேரில் வந்து கள ஆய்வு செய்வார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மறைமாவட்ட ஆயர் வந்தாலும் சரி, தாசில்தார் வந்தாலும் சரி, முதல் நாளே கரையைக் கூட்டிப் பெருக்கிவிடுவோம். வல்லங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கோவிலுக்குப் பின்னால் மறைத்துவிடுவோம். வலைகள் வீட்டுக்குள் போய்விடும். கருவாடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். மணலில் பந்தல் போட்டு, நாற்காலிக்கு வெள்ளைத் துண்டு விரித்து, தட்டில் எலுமிச்சம்பழத்தோடு நிற்போம். தர்மராஜ் சாருக்கும் அப்படியே செய்தோம். உத்தரவு போட்டவன் நான்தான்.

வேதமுத்து மட்டும் தன் வல்லத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றான்.

“ஏலே வில்பிரட்டு, நம்ம இங்கன தொழில் செய்றமான்னு பாக்கத்தான அவரு வாராரு? எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிட்டு எதைக் காட்டப் போற?”

“அதுக்காக வர்ற மனுசனைக் கருவாட்டு நாத்தத்துலயா உக்கார வைக்க? ஊருக்கு ஒரு மரியாதை வேணாமா?”

மரியாதை என்று சொன்ன பிறகு எங்கள் ஊரில் யாரும் பேச முடியாது. அவனும் வல்லத்தைத் தள்ளினான்.

தர்மராஜ் சார் வந்தார். இளநீர் குடித்தார், நகரை மீன் வறுவல் சாப்பிட்டார், கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். அவர் நேர்மையானவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பெனியிடம் கை நீட்டாதவர். கண்ணால் கண்டதைத் தவிர ஓர் எழுத்து எழுத மாட்டார். எங்கள் கேடுகாலமே அதுதான். ‘வல்லங்கள் இல்லை. வலைகள் இல்லை. மீன் உலர்த்தப்படுவதற்கான அடையாளம் இல்லை. பந்தல் ஒன்று காணப்பட்டது. அதுவும் தற்காலிகமானது’ என்று எழுதிவிட்டார்.

அலறி அடித்துக்கொண்டு ராமநாதபுரம் ஓடினேன்.

“உங்களுக்காகத்தான் சார் சுத்தம் பண்ணுனோம்.”

“அதையும் எழுதியிருக்கேனே. பத்தி நாலைப் பாருங்க. பொதுமக்கள் இடத்தைத் தூய்மையாக வைத்துள்ளனர்.”

கெஞ்சிக் கூத்தாடி இரண்டாம் ஆய்வுக்கு நாள் வாங்கினேன். இந்த முறை நாங்கள் ஏமாறத் தயாராக இல்லை. ஆய்வு நாளில் ஊரில் இருந்த வலை அத்தனையும் கரைக்கு வந்தது. போதாததற்கு அக்கம்பக்கத்து ஊர்களில் இரவல் வாங்கினோம். அன்று ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு. நிறைமாதக்காரிகள் நாற்காலியில் வந்தார்கள், காய்ச்சல்காரர்கள் போர்வையோடு வந்தார்கள். வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரே மணலில் குவிந்து நின்றது. காற்று நன்றாக இருக்கிறதே, மீன் போகிறதே என்று புலம்பிய வேதமுத்துவையும் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தர்மராஜ் சார் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணினார். ஒரு வாரத்தில் ஆணை வந்தது. கடற்கரை முழுமையான பயன்பாட்டில் உள்ளது, அங்கே எக்காலத்தும் கட்டடம் கூடாது! அன்று ஊரில் வெடி வெடித்தோம். கமிட்டி சார்பாக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்து வீட்டுக்குப் போனால் கதவில் புதுசாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அறுபத்து மூன்று கதவுகளிலும் ஒட்டியிருந்தது. ‘கரையை ஒட்டிய பகுதியில் அறுபத்து மூன்று கட்டடங்கள் உள்ளன. ஆய்வின்போது அனைத்தும் பூட்டப்பட்டிருந்தன. மனித நடமாட்டம் இல்லை. கோழி ஒன்று காணப்பட்டது. ஆகவே மேற்படி பகுதி குடியிருப்பற்ற வெற்றிடமாகக் கருதப்பட்டு, நெய்தல் வில்லாஸ் திட்டம் அவ்விடத்துக்கு மாற்றப்படுகிறது.’

மறுபடியும் ராமநாதபுரம்.

“சார், நாங்க எல்லாரும் கரையில நின்னோம். நீங்கதான பாத்தீங்க?”

“பாத்தேன். அதனாலதான் வீட்டுல இல்லன்னு எழுதினேன். ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க முடியாதுல்ல?”

நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

தர்மராஜ் சாருக்கே எங்கள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கடைசி வாய்ப்பு ஒன்று கொடுத்தார். அடுத்த பத்து நாட்களுக்குள் ஏதாவது ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வருவார். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் வீட்டிலும் ஒருவர் கரையில் வல்லத்தோடும் காணப்பட வேண்டும். காணப்பட்ட குடும்பம், தொழில் உள்ள குடியிருப்பாளர். காணப்படாத குடும்பம், இல்லாத குடும்பம்.

அன்றே கமிட்டி கூடியது. பத்து நாளும் எந்த வல்லமும் கடலில் இறங்கக் கூடாது. யாரும் வெளியூர் போகக் கூடாது. கல்யாணமோ சாவோ, ஆய்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் கை தூக்கினார்கள். வேதமுத்து தூக்கவில்லை.

“மீன் பிடிக்கிறவன்னு காட்டுறதுக்கு மீன் பிடிக்காம கெடக்கணுமா மச்சான்?”

“பத்து நாளுதான?”

“வாடைக்காத்து பிறந்தா அப்பறம் கடலு விடாது. இப்ப விட்டா நான் வருசம் முழுக்க வெறும் வலையத்தான் காயப்போடணும். நான் போறேன்.”

சொன்னபடி விடிகாலையில் போனான். அவன் மனைவி, என் தங்கச்சி வேளாங்கண்ணி, அவன் கொண்டுவந்த மீனைக் கூடையில் ஏற்றி ஏர்வாடிக்கும் திருப்புல்லாணிக்கும் கொண்டுபோனாள். மற்றவர்கள் நன்றாகக் காணப்படும்படி உட்கார்ந்திருந்தோம். கரையில் இருந்தவர்கள் கிழியாத வலையைத் தைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தெருவில் கார் சத்தம் கேட்டால் குக்கரை அடுப்பில் ஏற்றினார்கள். இரண்டாம் நாளே ஊரில் மீன் தீர்ந்துவிட்டது, முடிவை மீறியவனிடம் போய்க் கேட்கவும் முடியாது. கருவாடும் கிடையாது, ஆய்வுக்கு வேண்டும் என்று தொட விடவில்லை. ரசமும் துவையலுமாக ஒப்பேற்றினோம்.

ஆறாம் நாள் பகல் பதினோரு மணிக்கு தர்மராஜ் சார் வந்தார். அறுபத்திரண்டு குடும்பங்கள் இரண்டு இடத்திலும் காணப்பட்டன. ஒரே ஒரு வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்கு நேரே கரையில் வல்லம் நிற்க வேண்டிய இடத்தில் மணல்தான் இருந்தது. பிடிக்கிறவன் கடலில் இருந்தான். விற்கிறவள் சந்தையில் இருந்தாள்.

“இது யார் வீடு?” என்றார்.

சொன்னேன்.

“இங்க ஆளு இருக்காங்களா?”

“இருக்காங்க சார்.”

“நீங்க இப்ப பாக்கிறீங்களா?”

பார்க்கவில்லை. அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். பூட்டியிருந்ததற்கு அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் சாட்சி வேண்டும், இல்லையென்றால் ஆய்வையே முடிக்க முடியாது, மற்ற அறுபத்திரண்டும் நிலுவையில் நிற்கும் என்றார். செயலாளர் என்ற முறையில் முதல் கையெழுத்து நான் போட்டேன். எழுதியிருந்ததில் ஒரு பொய்யும் இல்லை. மற்ற நாலு கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஊர் முடிவை மதிக்காதவனுக்கு வேறென்ன நடக்கும் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு வந்த கம்பெனிக்காரர்களுக்கும் வருத்தமில்லை. அந்த ஒரு வீடு போதும், முதல் கட்டமாக அதை இடிக்காமல், சுவரில் வலை மாட்டி, ‘மீனவர் குடில் - மாதிரி இல்லம்’ என்று வைக்கலாம் என்று அங்கேயே போனில் பேசி முடித்தார்கள். இரண்டாம் கட்டத்துக்கு அடுத்த வருடம் ஆய்வு வைத்தால் போதுமாம்.

சாயங்காலம் வேதமுத்துவின் வல்லம் கரை பிடித்தது. நல்ல மீன்பாடு. சீலா, நகரை, காரல் என்று கூடை கூடையாக இறக்கினான். ஆறு நாளாக மீன் வாசனை படாத ஊர் மொத்தமும் சட்டியோடு அவனைச் சுற்றி நின்றது. நானும் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றேன்.

‘குடியிருப்பற்றது’ என்று அன்று பகலில் அவன் வீட்டுக் கதவில் ஒட்டிய தாளைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். என் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தான்.

“நான் இங்கன குடியிருக்கேனான்னு கேட்டாகளாமே. என்ன மச்சான் சொன்ன?”

“பாக்கலைன்னு எழுதிக் கொடுத்தேன்.”

அவன் குனிந்து இரண்டு கை நிறைய நகரையை அள்ளினான்.

“சரி, சட்டிய நீட்டு” என்றான்.

நீட்டினேன்.