எங்கள் வேடியப்பன் மாடு திருடவில்லை

எட்டிமரத்துக் கொட்டாய்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.
செவ்வாய்க்கிழமை, காலைப் பால் ஊற்றிவிட்டு வந்து எழுதுவது.

‘பழந்தடம்’ வார இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

கால்நடை ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் பணியாற்றி ஓய்வு பெற்ற கு. தீர்த்தகிரி மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி காசியம்மாளும் இரண்டு கறவை மாடுகளும் ஒரு கிடேரியும் இவ்விடம் சௌக்கியம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அவ்விடம் சௌக்கியமாக இருக்க எங்கள் குலதெய்வம் வேடியப்பனை வேண்டிக்கொள்கிறேன். அந்த வேடியப்பனைத்தான் தாங்கள் போன வாரம் பதினேழாம் பக்கத்தில் மாட்டுத் திருடன் என்று அச்சடித்திருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குத் தலைவர் தேர்தல். நான் வேட்பாளர். ஆகவே வெள்ளிக்கிழமை இதழிலேயே தக்க மறுப்பு வெளியிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். வேறு கோபம் ஒன்றும் இல்லை.

விவரம் என்னவென்றால், என் காட்டு வரப்போரம் வேப்பமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய நடுகல் இருக்கிறது. கையில் வில்லோடு ஒரு வீரன், அவன் உடம்பில் நாலு அம்பு, காலடியில் மூன்று மாடுகள், தலைக்கு மேலே தேய்ந்துபோன எழுத்து. எங்கள் பங்காளிகள் பதினெட்டு வூட்டாருக்கும் அவர்தான் சாமி. எங்கள் ஊர் மாடுகளை எதிரிகள் ஓட்டிப் போனபோது ஒற்றை ஆளாகப் போய் மீட்டு வந்து, ஊர் எல்லையில் உயிரை விட்டவர் என்பது வழிவழியாக நாங்கள் கேட்டுவரும் கதை. கன்று ஈன்ற மாட்டின் முதல் பாலை அவர் தலையில் ஊற்றாமல் எங்கள் வூடுகளில் யாரும் காப்பி குடித்ததில்லை. மாட்டைக் காத்த சாமியைக் கும்பிடுகிறவனை விட்டால் பால் சொசைட்டிக்குத் தலைவராக வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது? இதை ஊர் உணர வேண்டும் என்றுதான் நானே தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து ஆள் அனுப்பச் சொன்னேன். தாங்களும் அறிவழகன் என்கிற எழுத்தாளரை அனுப்பினீர்கள். வந்தவருக்குக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டு, சாமி மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை நானே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அவர் எழுத்தைப் படியெடுக்க ஈரக் காகிதத்தை ஒட்டி மை ஒற்றும்போது காற்றில் பறக்காமல் நானே பிடித்துக்கொண்டேன். “ரொம்ப முக்கியமான கல்லு சார் இது” என்று நாலு தடவை சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே சிறு தவறு ஒன்று என் பக்கமும் நடந்தது. இதழ் வந்த அன்று அரூர் பேருந்து நிலையக் கடையில் இருந்த கட்டு முழுவதையும் வாங்கி வந்தேன். கட்டுரைக்கு நடுவில் நான் கல்லின் தோளைப் பிடித்தபடி நிற்கும் படம் பிரமாதமாக வந்திருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அட்டை ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ‘நம் சாமி! பக்கம் 17 காண்க! உங்கள் வாக்கு தீர்த்தகிரிக்கே!’ என்று என் கைப்பட எழுதி, மறுநாள் காலை சொசைட்டி வாசலில் நின்று பால் கொண்டுவந்த அத்தனை உறுப்பினருக்கும் கும்பிட்டுக் கொடுத்தேன்.

முதலில் படித்தது ஜாஸ்மின். பாலைச் சோதித்துக் கொழுப்பு அளவு எழுதும் பெண். பக்கத்து ஊர்த் தேவாலயத்துப் பாட்டுக் குழுவில் இருப்பவள். நெஞ்சில் கள்ளம் கிடையாது. சோதனைக்குப் பால் எடுத்த கையோடு பக்கத்தைப் புரட்டியவள், “சார், நீங்க இதப் படிச்சிட்டுத்தான் குடுக்கறீங்களா?” என்றாள். “படிம்மா, சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்” என்றேன் நான். படித்தாள். மேற்கே உள்ள ஊரின் மாடுகளை இந்த வீரன் கவர்ந்து ஓட்டி வந்தான், துரத்தி வந்தவர்களின் அம்பு பட்டு இறந்தான் என்று கல்லில் வெட்டியிருப்பதாக அறிவழகன் எழுதியிருக்கிறார். அங்கே முப்பது பேர் நின்றார்கள். என் மனைவியும் கேனோடு நின்றாள். அவள் கேனை இறக்கி வைத்துவிட்டு, “எம்மாஞ் சத்தமாப் படிக்கச் சொன்னாரு பாரு” என்றாள்.

கட்டுரையின் கடைசியில் தங்கள் எழுத்தாளர் எங்களுக்கு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார். மாடு கவர்வது உலகமெங்கும் வீரமாகக் கருதப்பட்டதாம். கிரேக்க நாட்டில் ஒரு தெய்வம் பிறந்த அன்றைக்கே தொட்டிலிலிருந்து இறங்கிப் போய் அண்ணனின் மாடுகளை ஓட்டி வந்ததாம். அயர்லாந்துப் பழங்கதையில் ஒரு ராணி ஒற்றைக் காளைக்காகப் படை திரட்டினாளாம். தமிழிலும் ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிக்கொள்ளத் தனியாக வெட்சிப் பூவே இருந்ததாம். எல்லாம் சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிரேக்கத் தெய்வம் பால் சொசைட்டித் தேர்தலில் நிற்கவில்லை. அயர்லாந்து ராணியை எதிர்த்து ராஜப்பன் நிற்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் மாட்டை ஓட்டிப் போகிறவனைக் கோமாளி வேஷம் கட்டும் கட்டியங்காரன்கூட மதிக்க மாட்டான். மீட்டு வருகிறவனுக்குத்தான் ஊர்க்காரர்கள் மேடையேறி மாலை போடுவார்கள். இது தெரியாத ஒருவருக்கா நான் கோழி அடித்துப் போட்டேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ராஜப்பன் யார் என்று சொல்லவில்லையே. இப்போதைய தலைவர், என் எதிரி வேட்பாளர். மறுநாளே ஆட்டோவில் மைக் கட்டிவிட்டார். “மாடு திருடுன சாமியக் கும்பிடறவங்க கையில நம்ம பாலக் குடுக்கலாமாங்க? யோசிங்க!” என்று காலை மாலை இரண்டு வேளையும் என் வூட்டு வாசலில் மட்டும் ஆட்டோ மெதுவாகப் போகிறது. நான் தெருவில் நடந்தால் மாட்டைப் பிடித்து உள்ளே கட்டுகிறார்கள். ஒருவர் தன் கன்றுக்குட்டியின் கழுத்தில் சைக்கிள் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறார். முப்பத்தோரு வருடம் இந்த ஊர் மாடுகளுக்கெல்லாம் சினை ஊசி போட்டவன் நான். அந்தக் கன்றே என் ஊசிக்குப் பிறந்தது.

இதற்கு நடுவே நேற்று மத்தியானம் ராஜப்பனின் சிந்துமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் வேடியப்பன் முன்னால் நின்று, சாமிக்குச் சாத்தியிருந்த செம்பருத்தி மாலையைத் தின்றுகொண்டிருந்தது. இது சோதனையா சதியா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். பிறகு, நல்லவன் செய்கிற காரியத்தைச் செய்வோம் என்று கயிற்றைப் பிடித்து ராஜப்பன் வூட்டில் ஒப்படைக்கக் கிளம்பினேன். சொசைட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே போனஸ் கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அடுத்தவன் மாட்டை நான் பட்டப்பகலில் ஓட்டிப் போவதை மொத்த ஊரும் பார்த்தது. செல்போன்கள் எழுந்தன. சாயங்காலமே பதினேழாம் பக்கத்துக் கல் படமும் கயிறு பிடித்த என் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸப் குழுவில் வந்துவிட்டன. ‘பரம்பரைத் தொழில்’ என்று கீழே எழுதியிருந்தது. ஜாஸ்மின் மட்டும்தான் இன்று காலை தனியே கூப்பிட்டு, “மனசு உடையாதீங்க சார். எங்க ஆண்டவரு பக்கத்துலயே சிலுவையில தொங்குனவரு ஒரு நல்ல கள்ளன்தான். மோட்சத்துக்கு மொதல்ல போனது அவுருதான்” என்றாள். அந்தப் பெண்ணின் அன்பு எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு வேண்டியது மோட்சம் இல்லை. இருநூற்றுப் பத்து ஓட்டு.

ஆசிரியர் அவர்களே, இந்தப் படத்தைக்கொண்டே என் வாதத்தை நான் நிரூபிப்பேன். என் கையில் மாட்டின் கயிறு இருந்தது உண்மை. ஆனால் நான் எந்த வூட்டிலிருந்து எந்த வூட்டுக்குப் போனேன் என்று அந்தப் படம் சொல்கிறதா? சொல்லாது. கல்லும் அப்படித்தான். எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது என்று அறிவழகனே எழுதியிருக்கிறார். அதைவிடப் பெரிய சாட்சி மாடுகள். கல்லில் உள்ள மூன்று மாடுகளின் வாலும் கீழே தொங்குகிறது. திருடி விரட்டப்படும் மாடு வாலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும். வூட்டுக்குத் திரும்புகிற மாடுதான் வாலைத் தொங்கவிட்டு நடக்கும். இதை நான் போனில் சொன்னபோது, “சிற்பிக்கு வால் செதுக்க வராம இருந்திருக்கலாங்க சார்” என்கிறார் அறிவழகன். மாட்டு வாலுக்குப் பின்னாலேயே முப்பத்தோரு வருடம் நின்றவன் சொல்கிறேன், அந்தச் சிற்பிக்கு மாடு நன்றாகத் தெரியும்.

தேர்தலைக்கூட விடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை வேடியப்பனுக்கு வைத்த பொங்கலுக்கு என் அண்ணன் பச்சியப்பன் வரவில்லை. அறுபது வருடத்தில் இது முதல் தடவை. “திருட்டுச் சாமிக்குப் பொங்க வெச்சா எம்பொண்ண எவன் கட்டுவான்? நீயே தின்னு” என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். பதினெட்டு வூட்டில் ஏழு வூடுதான் வந்தது. பானை பொங்கும்போது குலவை போட ஆள் போதவில்லை. நான் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினேன் என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். “படிக்காமக் குடுத்தது நீங்க. அதுக்கு சாமி என்னா பண்ணும்? எந்திரிச்சு வாங்க” என்று காசியம்மாள்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஆகவே, வேடியப்பன் மாடுகளை மீட்டவரே, கவர்ந்தவர் அல்லர் என்று வெள்ளிக்கிழமை இதழில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். போடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மை என் பக்கம். வால்கள் என் பக்கம். போட்டால் தங்கள் குடும்பத்துக்கும், தங்கள் அச்சு எந்திரத்துக்கும், அறிவழகனின் கண்பார்வைக்கும் வேடியப்பன் துணை நிற்பார். காசியம்மாள் தங்கள் வூட்டு அம்மாவைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு, நிச்சய வெற்றி வேட்பாளர்,
கு. தீர்த்தகிரி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பிரசுரிக்க வேண்டாம். மறுப்பும் வேண்டவே வேண்டாம். உறையை ஒட்டப் போன நேரத்தில் அண்ணன் பச்சியப்பன் நாற்பது உறுப்பினர்களோடு வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று காசியம்மாள் கதவுக்குப் போனாள். அண்ணன் சொன்னார்: “எலே, ரோசன பண்ணிப் பாத்தம்டா. மீட்ட சாமி, நம்மகிட்ட ஏற்கெனவே இருந்தத்தான திருப்பிக் குடுத்துச்சு? ஓட்டியாந்த சாமிதான் ஊருக்குப் புதுசா குடுத்துச்சு. சுத்துப்பட்டுப் பாலு பூராத் தனியார் வண்டிக்குப் போவுது. அத இங்க ஓட்டியார ஆளு வேணும். ராஜப்பன் பத்து வருசமா இருந்தத இருந்த எடத்துல வெச்சிருக்கறாரு. நீ அந்த ரத்தம்டா, ஓட்டியாந்துருவ.” அண்ணன் என் தோளில் கை போட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். விடுபட்ட பொங்கலை இன்று சாயங்காலமே பதினெட்டு வூடும் சேர்ந்து வைக்கிறோம். போன வார இதழ் இன்னும் ஐம்பது அனுப்பவும். ‘கவர்ந்து ஓட்டி வந்தான்’ என்ற இடத்தில் நான் அடிக்கோடு போட்டு ஊருக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. ராஜப்பன் காட்டிலும் ஒரு கல் கிடைத்திருக்கிறதாம், இன்று காலையே அறிவழகனை வரச்சொல்லிக் கோழி அடித்திருக்கிறார். அந்தக் கல்லில் இருப்பவரும் மாடு ஓட்டியவராக இருந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை முடிகிற வரைக்குமாவது அவர் அடுத்தவன் மாட்டைத் தொடவே தொடாத மிக நல்லவர் என்று போடுங்கள்.