கபீருக்கு லாக் வேண்டாம்

அகமது கபீர் தன் வாழ்நாளில் கம்ப்யூட்டர் விஷயமாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. அதையும் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், இராஜபாளையத்தில் அவருடைய பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அக்கா மகன் அய்யூப் அதில் லினக்ஸ் போட்டான்.

"டிஸ்க் சின்னது மாமா. அவசியமானது மட்டும் போட்டிருக்கேன். லாக் ஓட விடவா, வேண்டாமா?"

"லாக்குன்னா பூட்டா?" என்றாள் கபீரின் மனைவி நூர்பானு. கம்பெனியின் பில் வேலையெல்லாம் அவள்தான்.

"பூட்டு இல்ல மாமி. மிஷினுக்குள்ள யாரு வந்தா, எப்ப வந்தா, என்ன நடந்துச்சுன்னு தானே எழுதி வச்சுக்கிடும்."

கபீருக்கு வேர்த்தது. சக்கரை வியாதி என்று டாக்டர் புரோட்டாவை நிறுத்தியிருந்தார். கம்ப்யூட்டர் பழகுவதாகச் சொல்லிவிட்டு, சாயங்காலம் சாயங்காலம் புரோட்டாக் கடைக்கு நழுவலாம் என்று அப்போதுதான் மகத்தான திட்டம் ஒன்று போட்டிருந்தார்.

"லாக்கே வேண்டாம்லே!" என்று கர்ஜித்தார். "இருக்கிறது துளியூண்டு டிஸ்க்கு. புருசன் பொஞ்சாதி தொடுற மிஷினுக்கு வேவுகாரன் எதுக்கு?"

"பூட்டோ, எழுத்தோ, லாக்குன்னாலே கள்ளனுக்குத்தான் ஆகாது மச்சான்," என்று சிரித்தாள் நூர்பானு.

அப்புறம் கபீருக்குப் பொற்காலம். சால்னா வாசனை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வீடு திரும்புவார். "கண்ணு எரியுது நூரு. எம்புட்டு நேரந்தான் ஸ்கிரீனையே பாக்குறது!" என்று அலுத்துக்கொள்வார்.

ஒருநாள் காலை, கம்பெனி வாசலில் சரக்கேற்றி நின்ற மதுரை லாரி பில்லுக்காக ஹாரன் அடித்தது. நூர்பானு அலறினாள்.

"பில்லு பூராத்தையும் காணோம் மச்சான்! நேத்து மத்தியானம் இருந்துச்சு. பொறவு மிஷின்ல இருந்தது நீங்கதான? என்னத்த அழிச்சீக?"

"நான் அழிக்கலட்டி!"

"லாக் இருந்தா பாத்திரலாம். இல்லையே! உக்காருங்க, அம்புட்டுப் பில்லையும் கையால எழுதுங்க."

ஹாரன் மறுபடி அலறியது.

"சத்தியமா மிஷினைத் தொடவே இல்ல நூரு!"

"தொடலையா? அப்ப சாயங்காலம் பூரா எங்க இருந்தீக?"

கபீரின் குரல் இறங்கியது.

"புரோட்டாக் கடையில... ரெண்டே ரெண்டு புரோட்டாதான்."

நூர்பானு கீபோர்டில் ஏதோ தட்டினாள். அவளே வேறிடத்தில் ஒளித்து வைத்திருந்த பில்லெல்லாம் ஸ்கிரீனில் வரிசையாக வந்து நின்றன. பிரிண்டர் கிறீச்சிட்டது.

"ரெண்டா?" என்றாள், தாளைக் கிழித்தபடி. "கடைக்காரர் சங்கையா அண்ணாச்சி நாலுன்னுல்ல சொன்னாக!"