டிராக்டர் ஏறிய ஜாஸ்

"ஜாஸ்னா அது என்னலே, குழலா, மேளமா, இல்ல ஆளு பேரா?"

சேதுபதி இதைக் கேட்ட நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. பத்துத் தறிகளும் ஒரே மூச்சில் நின்றதால், கேள்வி பட்டறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் சேதுபதிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால், அது தெரிந்துகொள்ள லாயக்கில்லாத விஷயமாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்டவர் கையில் ஓர் இன்லண்டு கடிதத்தை வைத்துக்கொண்டு, மேஸ்திரி மாரிச்சாமியிடம் சந்தேகம் கேட்டார்.

கடிதம் பம்பாயிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் வருங்கால மருமகன் அழகியமணவாளன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை; பம்பாயில் இன்ஜினீயர்.

'வரதட்சணை வேண்டாம். ஸ்கூட்டர் வேண்டாம். கோட்டு சூட்டு வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு மட்டும் ஒரு சின்ன ஆசை. அந்தக் காலத்து ஜாஸ், ஸ்விங் பேண்டு நேரில் வந்து வாசிக்க வேண்டும். உள்ளூர் பேண்டு செட்டு கூடாது. கிடைக்காவிட்டால் சிரமப்பட வேண்டாம்.'

"அதான் சிரமப்பட வேண்டாம்னு எழுதிட்டாருல்லா மொதலாளி, விட்டுருங்க," என்றான் மாரிச்சாமி.

"ஏலே, ஒண்ணுமே வேண்டாங்கிற மனுசன் ஒண்ணே ஒண்ணு கேக்காரு. அதையும் விட்டா நான் என்னலே மாமனாரு?"

இதற்கு ஒரு காரணமும் இருந்தது. மகள் அம்புஜவல்லிக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் வந்து நின்றுபோயிருந்தன. ஒன்று காப்பி ஆறிப்போனதால் போயிற்று. இன்னொன்று, சம்பந்தியிடம் சேதுபதி ஒன்றரை மணி நேரம் பேசியதால் போயிற்று. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அம்புஜவல்லி ஒரு நாளைக்கு நாலு தடவை பீரோவிலிருந்து எடுத்துப் பார்க்கிறாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"மாப்பிள்ளை வாயில இருந்து என்ன வந்தாலும் செஞ்சிருங்க," என்று மனைவி வேலுத்தாய் சொல்லியிருந்தாள். "இதுவும் நின்னுச்சு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொறவு நீங்களும் ஒங்க தறியுந்தான்."

ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர்தான் வழி காட்டினார். "அது வெள்ளைக்காரன் ஜோடி போட்டு ஆடுறதுக்கு வாசிக்கிறதுங்க. மதுரை ரயில்வே காலனியில ஆங்கிலோ இந்தியக்காரவுக இருக்காக. கேட்டுப் பாருங்க."

மறுநாளே சேதுபதி மதுரையில் இருந்தார். ரயில்வே காலனியில் மெல்வின் என்ற பெரியவர் கதவைத் திறந்தார். எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஆறு பேரோடு கிறிஸ்துமஸ் நடனத்துக்கெல்லாம் வாசித்திருக்கிறார். ஆறு பேரும் இன்னும் இருந்தார்கள். அவர்களில் இளைஞருக்கு வயது அறுபத்தொன்று.

"எங்களைக் கூப்பிட்டு பதினோரு வருஷம் ஆச்சு சார்," என்று மெல்வின் சேதுபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாரோம். ஆனா ஊர்வலம்னு சொல்றீங்களே, நடக்க மாட்டோம். ஜாஸ் உக்காந்து வாசிக்கிறது. எனக்கு மூட்டுவலி. ஆல்பர்ட்டுக்கு ஆஸ்துமா. ஸ்டான்லிக்கு ரெண்டும்."

சேதுபதி பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார்.

"மாப்பிள்ளை, ஜாஸ் கெடைச்சிருச்சு!"

எதிர்முனையில் ரிசீவர் எதிலோ இடித்த சத்தம் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று சேதுபதி மூன்று தடவை 'அலோ' சொன்னார்.

"கெடைச்சிருச்சா... மாமா?"

"ஆறு பேரு. எல்லாம் அந்தக் காலத்து ஆளுக. நடக்கத்தான் முடியாதாம்."

"ஐயையோ மாமா! வயசானவங்களைப் போட்டு வதைக்கக் கூடாது. பேசாம ஊர்வலத்தையே விட்டுருவோமே!" மாப்பிள்ளையின் குரலில் திடீரென்று ஒரு தெம்பு வந்திருந்தது.

போனை வைத்தபோது சேதுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியாட்டி வேலுத்தாயி? யாரோ ஒரு மூட்டுவலிக்காரனுக்காகத் தன் ஆசையையே விட்டுக் குடுக்காரு. இவருக்கு ஊர்வலம் நடத்தாம வேற யாருக்கு நடத்துறது?"

பருத்தி மூட்டை ஏற்றுகிற டிராக்டரும் டிரெய்லரும் வந்தன. டிரெய்லரில் ஆறு இரும்பு நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டி, சுற்றிலும் செண்டுப்பூ மாலைகளைத் தொங்கவிட்டார்கள். டிராக்டர் வந்த பிறகு சேதுபதியின் கற்பனைக்கும் சக்கரம் முளைத்தது.

"யாருமே நடக்கப் போறதில்ல. பொறவு எதுக்குலே பிள்ளையார் கோயில்ல இருந்து ரெண்டே ரெண்டு தெரு? ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாப்பிள்ளை வீட்டு வாசல்லயே ஆரம்பிச்சு, ராஜபாளையம் மண்டபம் வரைக்கும் வாசிக்கட்டும்!"

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் டிராக்டர். பின்னால் பூப்போட்ட திறந்த கார். காருக்குள் அழகியமணவாளன், பக்கத்தில் அவருடைய அக்காள் அய்யம்மாள். டிராக்டரில் ஓட்டுநர் பக்கத்தில், பட்டு வேட்டி சரசரக்க, ஊரையே நெய்து கொடுத்தவர் மாதிரி சேதுபதி உட்கார்ந்திருந்தார்.

மெல்வின் முதலில் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தார். டிரம்பெட் நீளமாக, உருக்கமாக அழைத்தது.

பஜாரில் ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பக்கத்துக் கடைக்காரரும் இறக்கினார். பால்கோவாக் கடை வாசலில் நின்றவர், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, தலைகுனிந்து நின்றார்.

"எப்பம்யா தவறுனாக?" என்று மாரிச்சாமியின் காதோரம் ஒருவர் கேட்டார்.

"ஆரு?"

"கான்வென்ட் டீச்சரம்மாதான? நல்லா வாழ்ந்திருக்காக. வண்டி நெறையா பூப் போட்டிருக்கே."

மாரிச்சாமி வேர்த்துப்போய் முதலாளியிடம் ஓடினான். கல்யாண ஊர்வலத்தைப் பார்த்து ஊரே துக்கம் விசாரிப்பதா? சேதுபதி பதறவில்லை. அவரிடம் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. நோய் அதற்குப் பிறகுதான் முற்றும்.

ஐந்தே நிமிடத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று ஓடியது. உள்ளே மைக்கோடு மாரிச்சாமி.

"பொதுமக்கள் கவனத்துக்கு! இது சாவு இல்லை, கல்யாணம்! பின்னால் காரில் வருவது உயிருள்ள மாப்பிள்ளை! பம்பாய் இன்ஜினீயர் அழகியமணவாளன் பி.இ. அவர்கள்! அவரே ஆசைப்பட்டுக் கேட்ட ஜாஸ்! அனைவரும் அருகில் வந்து பார்க்கலாம்!"

ஷட்டர்கள் படபடவென்று ஏறின. பஜாரே காரைச் சூழ்ந்துகொண்டது. சேத்தூர் போகிற பஸ் நின்று, ஒரு பக்க ஜன்னல் முழுக்கத் தலைகளாக முளைத்தது. "இவருதானா கேட்டாரு?" என்று ஓர் அம்மாள் மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை சீட்டில் கொஞ்சம் கீழே இறங்கினார்.

"மெல்வின் சார், செத்த வேகமா விடுங்க!" என்றார் சேதுபதி.

மெல்வின் விட்டார். பதினோரு வருஷமாக அடைத்துவைத்திருந்த ஸ்விங் துள்ளல் மொத்தமும் வெளியே வந்தது. ஆல்பர்ட் ஆஸ்துமாவை மறந்து கிளாரினெட்டை வானத்துக்குத் தூக்கினார். தாளம் டிராக்டர் ஓட்டுநரின் காலுக்கும் இறங்கி, அவர் ஆக்சிலேட்டரை அதே கதியில் மிதிக்க ஆரம்பித்தார். ஒரு வேகத்தடையில் டிரெய்லர் எகிறியது. ஆள் உயரத்துக்கு நின்ற பெரிய பிடிலும், அதை வாசித்த ஸ்டான்லியும் விளிம்புக்கே வந்துவிட்டார்கள்.

"நிப்பாட்டுலே!" என்று கத்திய சேதுபதிக்கு அடுத்த யோசனையும் உடனே வந்தது. "பெரியவரையும் பிடிலையும் காருக்கு மாத்துங்க. மாப்பிள்ளை, அது கழுத்தை மட்டும் செத்தப் பிடிச்சுக்கிடுங்க. ஒங்க வாத்தியந்தான!"

ஸ்டான்லி காரில் ஏறிக்கொண்டார். பம்பாய் இன்ஜினீயர் எழுந்து நின்று, ஒரு கையால் கழன்ற தலைப்பாகையையும் மறு கையால் பிடிலின் கழுத்தையும் பிடித்துக்கொண்டார். ஆட்டோவிலிருந்து திரும்பிப் பார்த்த மாரிச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது.

"இதோ, மாப்பிள்ளையே எழுந்து நின்று வாசிக்கிறார்!"

ராஜபாளையம் எல்லையில் ஒரு கூட்டம் விசிலோடு காத்திருந்தது. யாரோ மாப்பிள்ளையின் சட்டையில் இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றைக் குத்தினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாருலே, எப்படி ரசிக்காருன்னு," என்றார் சேதுபதி டிராக்டர் ஓட்டுநரிடம், பெருமை தாங்காமல். "கண்ணையே தொறக்க முடியல அவருக்கு."

மண்டப வாசலில் வேலுத்தாய் ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாடி ஜன்னலில் அம்புஜவல்லி தெரிந்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. சேதுபதி கார்க் கதவருகே வந்து கைகூப்பினார்.

"மாப்பிள்ளை, மனசு நெறஞ்சுதா?"

அழகியமணவாளன் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"பேச்சே வரலையே! எம்புட்டு நாளு ஆசையோ!" சேதுபதி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிராக்டரைப் பார்த்துத் திரும்பினார். "மெல்வின் சார், வண்டியத் திருப்பச் சொல்லுங்க! மாப்பிள்ளைக்காக பஜாரைச் சுத்தி இன்னொரு ரவுண்டு!"

மெல்வின் டிரம்பெட்டை எடுத்து வாயில் வைத்தார். காருக்குள் அய்யம்மாள் தம்பியின் தலைப்பாகையைச் சரிசெய்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னாள்:

"ஊர்வலம்னா வெக்கமாயிருக்கு, இந்தப் பக்கத்துல கெடைக்காததாப் பாத்து ஒண்ணக் கேட்டா தன்னால நின்னுரும்னு சொன்னியேலே... பொண்ணப் பத்தி அம்புட்டு விசாரிச்சியே, மாமனாரப் பத்தி விசாரிச்சியா?"