கலந்தாலோசித்த தண்ணீர்

மனித குலம் தீட்டிய திட்டங்களிலேயே மகத்தானது, செர்பியச் சமவெளியின் 'வட்டார நெடுங்கால நீர்த்தர மேம்பாட்டுத் திட்டம்'தான். மற்ற திட்டங்கள் அவசரப்பட்டுக் குழாய் போட்டுவிட்டு ஓய்ந்துவிடும். இதுவோ ஆண்டுக்கணக்காக மக்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் போன்ற சில்லறை விஷயங்களுக்கு அது இன்னும் இறங்கி வரவில்லை.

சுஹோபோல்யே கிராமத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்த்த காலையில், தெசாங்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் அவள் வீட்டில். குழாயில் வருவதோ மஞ்சள் தண்ணீர். முட்டை அழுகிய நாற்றம் வேறு. மருமகள் தியானா முடிவாகச் சொல்லியிருந்தாள்.

"பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சுக் கிடக்கு, அத்தை. முதல் கட்டத்துல நம்ம ஊர் இல்லேன்னா, இவனைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்."

பேரன் இல்லாத வீட்டை தெசாங்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி, விருந்தாளி வாசலில் கால் வைத்ததும் ஒரு கரண்டி பிளம்பழப் பாகும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சே. தெசாங்கா கடையிலிருந்து புட்டித் தண்ணீர் வாங்கி வந்து கூஜாவில் ஊற்றினாள்.

"குழாய்த் தண்ணியையே வைங்க அத்தை. குடிச்சுப் பாக்கட்டும்."

"விருந்தாளிக்கா? ஊரே காறித் துப்பும்டீ."

திட்டத்தின் நிபுணர் வுகோமான் வந்தார், பாகைச் சுவைத்தார், தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். முகம் மலர்ந்தது. குறிப்பேட்டைத் திறந்து ஏதோ எழுதினார்.

"உங்க ஊர் கடைசிக் கட்டம்மா. இருபது வருஷத்துல நிச்சயம் வந்துடுவோம்."

"தண்ணி விஷம்னு ஆய்வுக்கூடத்துலயே சொல்லியிருக்காங்களே, தம்பி?"

"அது வெறும் தாள்மா. இது 'நேரடிக் கள அனுபவம்'. நானே குடிச்சுட்டேனே."

தெசாங்காவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, அது கடைத் தண்ணி தம்பி."

"கடைத் தண்ணியா?" வுகோமான் நெகிழ்ந்து போனார். "அப்போ தீர்வையும் நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. இதைத்தான் நாங்க 'மக்கள் பங்கேற்பு'ன்னு சொல்றோம்." அதையும் எழுதிக்கொண்டார்.

உள்ளே தியானா பிள்ளையின் துணிகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்த்ததும் தெசாங்காவின் வெட்கமெல்லாம் பறந்தது. குழாயைத் திறந்து கோப்பையை நிரப்பினாள். இன்னொரு கரண்டி பாகோடு அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்த வீட்டுல கொடுத்த தண்ணியை இதுவரைக்கும் யாரும் வேணாம்னு சொன்னதில்ல. குடிங்க."

வுகோமான் கோப்பையிலிருந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார். பாகை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மக்களோட சேர்ந்து திட்டம் போடச் சொல்லித்தாம்மா எங்களுக்கு உத்தரவு. சேர்ந்து குடிக்கச் சொல்லி இல்ல."