பாலில் விழுந்த எலுமிச்சை

பால் திரிந்துவிட்டது.

ஃபஹ்மிதா கரண்டியால் ஒரு கிண்டு கிண்டிப் பார்த்தாள். மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் வெள்ளைக் கட்டிகள். சமையல் வீடியோவில் ஒரு பெண் ஊற்றியபோது வெண்ணெய் மாதிரி வழிந்ததே!

"திரிஞ்சுருக்குமே?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மாமியார் ஆயிஷா பீவி அடுப்பங்கரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமி. கொஞ்சம் கெட்டியா வந்துருக்கு."

"நோன்பு வச்சுக்கிட்டு பொய் சொல்லாத."

லப்பைக்குடிகாட்டில் அந்த வருடம் நோன்பு சரியான வெயிலில் வந்து மாட்டியிருந்தது. அந்த வீட்டில் நோன்பு திறக்க என்றைக்கும் ரோஸ் சர்பத்துதான். ஃபஹ்மிதா வாழ்க்கைப்பட்டு வந்த மூன்று வருடமாக வேறு நிறத்தில் ஒரு டம்ளரை அவள் பார்த்ததில்லை. அதனால்தான் அன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் துணிந்து போட்டுவிட்டாள்: 'இன்னிக்கு எங்க வூட்ல க்ரீம் லெமன். யார் வேணும்னாலும் வரலாம்.'

யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம். ஆனால் ஆயிஷா பீவியின் நாத்தனார் அரியலூரிலிருந்து குரலைப் பதிந்து அனுப்பிவிட்டார். "பாலும் எலுமிச்சையுமா? இரு, நானே வந்து பாக்குறேன்."

ஃபஹ்மிதாவின் கல்யாணத்தில் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "அரிசி வேகல" என்று இரண்டே வார்த்தையில் மண்டபத்தையே கைகழுவ வைத்தவர் அவர். இப்போது பஸ் ஏறிவிட்டார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்றார் ஆயிஷா பீவி. "ரோஸ் சர்பத் பாட்டில் அலமாரியிலதான் இருக்கு."

"அங்கயே இருக்கட்டும் மாமி."

தப்பு எதுவென்று அவளுக்குத் தெரிந்தது. கடையில் டின் பால் இல்லையென்று சாதாப் பாலை ஊற்றியிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினாள். நாலு கடை ஏறி இறங்கி, சர்க்கரை போட்ட கெட்டிப் பால் இரண்டு டின்னோடு வந்து நின்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எலுமிச்சையைத் தோலோடு நறுக்கி, ஒரு டின் பாலோடு மிக்ஸியில் போட்டாள். ஐந்து விநாடிதான் ஓட விட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து கணவன் ஹபிபுல்லா வீடியோவில் கூப்பிட்டான். நோன்பு எப்படி, வெயில் எப்படி, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் மிக்ஸி மூன்று நிமிடம் ஓடிவிட்டது.

"தோலோட அரைக்கிறியா? கசக்கப் போவுது" என்றது கூடம்.

ருசி பார்க்க வழியில்லை. நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஃபஹ்மிதா கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, பக்கத்து வீட்டுப் பூவிழியைக் கூப்பிட்டாள்.

"பூவிழி, உன் நாக்கக் கொஞ்சம் கடன் குடு."

பூவிழி வந்தாள். ஒரு வாய் குடித்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"சொல்லு."

"அக்கா, எங்க மாமியார் வயித்துப் பூச்சிக்கு ஒரு கஷாயம் வைப்பாங்க..."

"போதும்."

ஃபஹ்மிதா சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தாள்.

"சர்க்கரைய அள்ளிப் போடாத. பாகாயிடும்!" என்றது கூடம்.

டப்பா கவிழ்ந்த சத்தம் கூடம்வரை கேட்டிருக்குமா? கேட்டதோ இல்லையோ, பூவிழி இரண்டாவது வாய் குடித்துவிட்டுப் பேச முயன்றாள். உதடு பிரிய நேரமானது. "பல்லு ஒட்டுதுக்கா" என்றாள்.

"சோடா ஊத்து ஃபஹ்மி!" போனுக்குள்ளிருந்து ஹபிபுல்லா கத்தினான். அவன் இன்னும் அழைப்பில்தான் இருந்தான். "இங்கல்லாம் எதுக்கும் சோடாதான்!"

"சோடாவா? பொங்கும்!" என்றார் ஆயிஷா பீவி.

"பொங்கட்டும்!" என்று ஃபஹ்மிதா மூடியைத் திருகினாள்.

பொங்கியது. பாத்திரம் நிறைந்து, மேடை நிறைந்து, சமோசாவுக்காக எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் இறங்கியது. பூவிழி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணைக்கட்டையில் ஏறி நின்றாள். ஹபிபுல்லா நிலைமையைப் புரிந்துகொண்டு அழைப்பைத் துண்டித்தான்.

ஃபஹ்மிதா துணியும் கையுமாகக் கூடத்து வாசலில் போய் நின்றாள்.

"மாமி, நீங்க சொல்லச் சொல்ல அப்படியே நடக்குது. உங்க வாய் முகூர்த்தம்தான் இதெல்லாம் பண்ணுது."

"நான் என்னடி பண்ணேன்? இருக்குறதச் சொன்னேன். போயி ரெண்டு ஸ்பூன் ரோஸ் சர்பத்தக் கலக்கு. மானம் தப்பிக்கும்."

"மாட்டேன்." நோன்பின் களைப்பும் வெயிலும் சேர்ந்து அவள் குரலை உயர்த்தின. "இன்னிக்கு இந்த வூட்ல எலுமிச்சதான். குடிக்க முடியாமப் போனா நானே மொத்தத்தையும் குடிக்கிறேன். அரியலூருக்கு வாளியிலகூடக் குடுத்தனுப்புறேன். ரோஸ் மட்டும் வராது!"

அவள் சொல்லி முடிக்கும்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அரியலூர் நாத்தனார் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"வாளி எதுக்கும்மா? நாந்தான் வந்துட்டேனே" என்றார்.

பாங்குக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஒரு டின் இருந்தது. எலுமிச்சை ஒன்றுகூட இல்லை. பூவிழி தன் வீட்டு மரத்தை உலுக்கி மடி நிறைய அள்ளி வந்தாள். ஃபஹ்மிதா இந்த முறை வீடியோவைப் பார்க்கவில்லை. தோலைத் தூரப் போட்டாள். சாற்றை மட்டும் பிழிந்து, விதையை வடிகட்டி, டின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கை வலிக்க வலிக்க ஆற்றினாள். ஐஸ் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தாள். மேலே மெல்ல ஒரு வெள்ளை நுரை கட்டியது. அவ்வளவுதான், வேறெதுவும் நடக்கவில்லை.

கூடத்திலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, ஒண்ணும் சொல்லக் காணோம்? இப்ப என்ன ஆகும்?"

ஆயிஷா பீவி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இதுக்கு மேல என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் வாய்க்குப் போனது. அடுத்து டம்ளர்கள் மேலே போயின. ஃபஹ்மிதா தன் டம்ளரைத் தொடாமல் அரியலூர்க்காரரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. நிற்கவே இல்லை.

அதற்குள் இன்னொரு டம்ளர் காலியாகி அவள் மூக்குக்கு நேரே நீண்டது. பிடித்திருந்த கை ஆயிஷா பீவியுடையது.

"இன்னொன்னு ஊத்து" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

ஃபஹ்மிதா ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றினாள். "ரோஸ் சர்பத் கலக்கட்டா மாமி?" என்று கேட்கவும் செய்தாள். பூவிழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரியலூர் நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்து, உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டு, ஆயிஷா பீவியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஆயிஷா, கல்யாணமான புதுசுல எந்தம்பி குவைத்துல குடிச்சுட்டு வந்து கேட்டான்னு பால நீ திரிய விட்டு, கசக்க விட்டு, கடைசியில சோடாவ ஊத்தி எங்கம்மா அடுப்பையே அணைச்சியே, அது இந்தச் சர்பத்துதானே?"