மாப்பிள்ளை வெளியே போகக் கூடாது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். இந்த வரியை இன்னொரு முறை படித்தால் யார் விடுபட்டிருக்கிறார் என்று உனக்கே தெரியும். ஃபோனில் சொல்லலாம் என்றால் என் குரலே காட்டிக் கொடுத்துவிடும், அதனால் கடிதம்.

என் மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று காலை வீடியோவில் நீ பார்த்தது உன் பூனை இல்லை. என்னுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். அதைச் சுருட்டி, ஒரு கையை வால் மாதிரி தொங்கவிட்டு, "தூங்குறான்மா, எழுப்பாதே" என்றேன். "இளைச்சுட்டான்ப்பா" என்றாய் நீ. அப்போதாவது சொல்லியிருக்கலாம், ஸ்வெட்டரைத் தடவிக் கொடுத்தேன்.

முந்தாநாள் சாயங்காலம் காற்றில் வாசல் கதவு திறந்துகொண்டது, மாப்பிள்ளை கிளம்பிவிட்டான். விடுதியில் பூனைக்கு இடமில்லை என்று அவனை எங்களிடம் விட்டுப் போனபோது ஃபிரிட்ஜில் பதினொரு விதிகள் ஒட்டினாயே, அதில் முதலாவது 'மாப்பிள்ளை வெளியே போகக் கூடாது.' வெளியூர் வேலை வேண்டாம், இங்கேயே இரு என்று நான் சொன்னபோது "வீட்டுக்குள்ள அடைச்சு வைக்க நான் என்ன பூனையாப்பா?" என்று கேட்ட அதே பெண்தான் அதை எழுதினாள். சரி, அது இப்போது எதற்கு.

நேற்று நீ ஃபோனை வைத்ததும் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். மாடி வீட்டுக்காரர் காருக்கடியில் குப்புறப் படுத்து மியாவ் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் நீ, நடுத்தெருவில் அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டியவன் நான். பயத்தில் மரியாதை வேறு தானாக வந்துவிட்டது: "மாப்பிள்ளே, கோவிச்சுக்காம வந்துடுங்க." எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"என்ன சார், பொண்ணுக்குக் கல்யாணமாயிடுச்சா? சொல்லவே இல்ல."

"இன்னும் ஆகலைங்க."

"அதுக்குள்ளயே ஓடிட்டாரா?"

இஸ்திரிக்காரரும் வந்து சேர்ந்தார். "என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"சட்டை இல்ல. சாம்பல் கலரு. வால் நுனி மட்டும் வெள்ளை."

இஸ்திரிக்காரர் என்னைக் கடை நிழலுக்கு இழுத்தார். "வெயில்ல ரொம்ப நிக்காதீங்க சார்" என்றார் தையல்காரர்.

சிரிக்காதே. அவன் ரோட்டைக் கண்டவனா? காலிங் பெல் அடித்தாலே கட்டிலுக்கடியில் போகிறவன். முக்கில் ஐந்து நாய்கள். ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுகிறேன். ரோட்டோரம் சாம்பலாக ஏதோ கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் சிமெண்ட் சாக்கு. அந்தச் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மாவோ, "பூனைன்னா நாலு இடம் போகும், வரும். நாள் முழுக்க ஜன்னல்ல உக்காந்து குருவியையே பாத்துட்டிருந்தா அதுக்குப் பைத்தியம் பிடிக்காதா?" என்கிறாள். வண்டி வருமே, நாய் இருக்கே என்றேன். "இதையேதான அவளுக்கும் சொன்னீங்க" என்றாள். தைரியமாகப் பேசுகிறாளே தவிர, அவன் கிண்ணத்துத் தண்ணீரை இன்று மூன்று தடவை மாற்றிவிட்டாள். நடுநடுவே, "அன்னைக்குக் காத்தே இல்லையே, இருந்தாலும் தாழ்ப்பாளைத் தூக்குமா?" என்று வேறு கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் ஃபோனை மட்டும் வைத்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,

அப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது மணி ஆறு. கதவைத் திறந்தேன். ஆபீஸ் முடிந்து வருகிறவன் மாதிரி மாப்பிள்ளை உள்ளே நடந்து வந்தான், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே கிண்ணத்துக்குப் போனான். இளைக்கவில்லை. முதுகெல்லாம் கலர் கலராக நூல். தையல்கடைத் துணிக்குவியலில்தான் இரண்டு நாளும் தூங்கியிருக்கிறான்.

"இன்னைக்கும் காத்துதான் திறந்துச்சா?" என்று கேட்டாள் உன் அம்மா. ஆமாம் என்றேன். ஆறு மணி, இங்கே இருந்த வரை நீ வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம். வாசலில் நிற்க வைக்கக் கூடாதே என்று தினமும் தாழ்ப்பாளை எடுத்து வைக்கிற கை, நீ போய் இருபத்தாறு நாளாகியும் அந்த நேரத்துக்கு எழுந்து போய்விடுகிறது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.