பகலில் வந்த அழுங்கு

ஒரு காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. இருந்தது யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினையே. உடம்பெல்லாம் செதில், சாப்பாடு எறும்பு, ராத்திரி மட்டும்தான் வெளியே வரும். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வேறு திறமை எதுவும் கிடையாது.

அது குடியிருந்த சரிவில் தைலமரம் நடப்போவதாகச் சிங்கராஜா அறிவித்தார். அழிந்துவரும் உயிர் ஒன்றாவது அங்கே கண்ணில் பட்டால் சரிவை விட்டுவிடுவாராம். பார்த்துவரக் கரடி அதிகாரியை அனுப்பினார்.

அழுங்கின் வளைக்குள் குட்டி இருந்தது. மண்ணைப் புரட்டினால் அவ்வளவுதான்.

"நடுவழியில போய் நில்லுங்கக்கா, பாத்தா விட்டுருவாங்க," என்றது பக்கத்துப் புதர் முயல்.

"பகல்லயா?"

"ஆபீசருங்க வேற எப்ப வருவாங்க?"

அழுங்கு போய் நின்றது. கரடியின் காலடிச் சத்தம் கேட்டது. நிற்கத்தான் நினைத்தது, சத்தியமாக. உடம்பு கேட்கவில்லை. சுருண்டுவிட்டது.

"அப்பாடா, நல்ல கல்லு," என்று கரடி அதன்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். தேனடையைக் கடித்தபடியே, "முன்னாடி இங்க அழுங்கெல்லாம் இருந்துச்சாம். பாவம், ஒண்ணுகூட மிஞ்சல," என்று பெருமூச்சு விட்டார்.

"ஐயா, நான்தான் அது!" என்றது கல்.

கரடி குனிந்து பார்த்தார். "அழுங்கு ராத்திரிதான வெளிய வரும்? நீ பகல்ல வந்திருக்க. அப்ப நீ அழுங்கு இல்ல."

"உங்களுக்காகத்தான் சார் வந்தேன்! சந்தேகம்னா ராத்திரி வந்து பாருங்க."

"ராத்திரி யானை நடமாடுற இடம்மா இது. உயிர் பயம் வேணாமா? ஆடாம இரு, தேன் சிந்துது."

மறுவாரமே மண்ணைப் புரட்டினார்கள். அழுங்கு குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு ஓடியது. எங்கே போனாலும் தைலமரம். ஓர் எறும்புகூட இல்லை.

அழிந்துபோன அழுங்கை நினைத்து ராஜா மனம் உடைந்துபோனார். தோப்பு நடுவில் பெரிய சிமெண்ட் அழுங்கு எழுந்தது. சுற்றிலும் கம்பிவேலி. காவலுக்குச் செந்நாய். காண்ட்ராக்ட் எடுத்த பன்றி சிமெண்டை அமுக்கிவிட்டதால் சிலைக்குள்ளே வெறும் பொந்து. கூலியாட்கள் சிந்திய சோற்றுக்கு எறும்பும் வந்துவிட்டது.

அழுங்கு வேலிக்கு அடியில் தோண்டிப்போய், சிலையின் வயிற்றுக்குள் குடியேறியது.

திறப்பு விழாவில் கரடி மாலை போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். குட்டி விழித்துக்கொண்டது.

"யாரும்மா அழுறது?"

"நாம செத்துட்டோம்னு அழுறாங்க. சத்தம் போடாம தூங்கு."

நீதி: உயிரோடு இருக்கிறேன் என்று அதிகாரியிடம் வாதாடாதீர்கள். செத்துவிட்டதாக அவர் நம்பினால்தான் வேலி போட்டுத் தருவார்.